ரெடிமேட் குழம்பு பேஸ்ட்: அவசரத்துக்கு உதவும்... அளவு தெரிந்தால்!

மாலை ஆறரை மணிக்கு வேலை முடிந்து வீடு திரும்பும் பெண்களுக்குச் சமையலறை என்பது இன்னொரு ஆபீஸ்! பிள்ளைகளுக்கு ஹோம்வொர்க், மாமியாருக்கு மாத்திரை, நாளைக்கு வேண்டிய யூனிஃபார்ம்... இதற்கு நடுவில் புளி கரைத்து, சின்ன வெங்காயம் உரித்து, மல்லி வறுத்து அரைத்துக் குழம்பு வைக்க யாரால் முடிகிறது? கோவை, திருப்பூர், ஈரோடு என்று எந்த ஊர் மளிகைக் கடையிலும் இதற்கு விடை பாட்டிலில் இருக்கிறது. வத்தக்குழம்பு பேஸ்ட், புளியோதரை பேஸ்ட், தக்காளித் தொக்கு. தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்தால், இல்லை சாதத்தில் போட்டுக் கிளறினால் ராத்திரிச் சாப்பாடு தயார்.

'இதெல்லாம் உடம்புக்கு நல்லதுங்களா?' என்று பலருக்கும் சந்தேகம். பாட்டிலைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. எத்தனை ஸ்பூன் எடுக்கிறீர்கள், வாரத்தில் எத்தனை நாள் எடுக்கிறீர்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பொடி வேறு... பேஸ்ட் வேறு!

அவசரத்துக்குக் கைகொடுக்கும் கடைப் பொருள் நமக்குப் புதிதல்ல. ஈரோட்டில் 1975-ல் மஞ்சள் வியாபாரமாகத் தொடங்கிய சக்தி நிறுவனம், பிறகு மிளகாய்த்தூள், மல்லித்தூள், மசாலாப் பொடி என்று வளர்ந்ததைக் கொங்கு நாட்டில் எல்லோரும் அறிவார்கள். மிளகாயும் தக்காளியும்கூட நம் ஊர்ச் செடிகள் அல்ல. மெக்ஸிகோவும் தென் அமெரிக்காவும்தான் அவற்றின் பூர்வீகம். போர்த்துகீசியர் இந்தியாவுக்கு வந்த பிறகே மிளகாய் நம் அடுப்பங்கரைக்கு வந்தது. அதே மிளகாயையும் தக்காளியையும் அரைத்த மெக்ஸிகோ 'சல்சா' இன்று பெரிய கடைகளில் நம் தொக்கு பாட்டிலுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. இரண்டுக்கும் ஒரே கணக்குதான்.

ஆனால், பொடிக்கும் பேஸ்டுக்கும் முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. பொடியில் ஈரம் மிகக் குறைவு, அதனால் சீக்கிரம் கெடுவதில்லை. மல்லித்தூளும் மிளகாய்த்தூளும் வாங்கிச் சமைத்தால் உப்பு போடுவது உங்கள் கை. பேஸ்டில் ஈரம் இருக்கிறது. ஈரம் இருந்தால் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும். அதைத் தடுக்க மூன்று காவல்காரர்கள் வேண்டும்: உப்பு, புளிப்பு, எண்ணெய். உப்பு ஈரத்தைக் கட்டிப்போடும். புளிப்பு கிருமிகளை வளர விடாது. மேலே மிதக்கும் எண்ணெய் காற்றைத் தடுக்கும். நம் பாட்டிகள் செய்த புளிக்காய்ச்சல் நாள்பட இருந்ததும் இதனால்தான்.

பலரும் பிரிசர்வேட்டிவ் என்றால் பயப்படுகிறார்கள். சோடியம் பென்சோவேட் (211), பொட்டாசியம் சார்பேட் (202) போன்றவை அனுமதித்த அளவுக்குள் இருந்தால் அலற வேண்டியதில்லை. 'பிரிசர்வேட்டிவ் இல்லை' என்று எழுதியிருந்தாலும் நிம்மதியாகிவிட வேண்டாம். அந்த வேலையை உப்பும் எண்ணெயும் கூடுதலாகச் செய்துகொண்டிருக்கலாம்!

உப்புக் கணக்கு போடுவோமா?

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன். அதில் இருக்கும் சோடியம் 2,000 மி.கி. லேபிளில் பெரும்பாலும் சோடியம்தான் போட்டிருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வந்துவிடும்.

உதாரணத்துக்கு, 100 கிராம் பேஸ்டில் 3,000 மி.கி. சோடியம் என்று இருந்தால், உப்பு ஏழரை கிராம். நாலு பேர் வீட்டில் 200 கிராம் பாட்டிலில் பாதியைக் கொட்டினால், ஆளுக்குச் சுமார் 1.9 கிராம். ஒரு நாள் அளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், குழம்பிலேயே முடிந்தது! அதோடு அப்பளம், ஊறுகாய், மோருக்கு உப்பு... காலையில் சாப்பிட்ட சட்னி வேறு. வீட்டில் பிளட் பிரஷர், சிறுநீரகக் கோளாறு, இதயக் கோளாறு உள்ளவர்கள் இருந்தால் இந்தக் கணக்கை அலட்சியம் செய்யவே கூடாது.

லேபிளில் பார்க்க வேண்டியவை

* சேர்மானப் பட்டியல்: எது எடையில் அதிகமோ அதுதான் முதலில் வரும். புளிக்கும் தக்காளிக்கும் முன்னால் எண்ணெய் நின்றால் யோசியுங்கள்.

* 'ஒரு பரிமாறல்' எவ்வளவு? 15 கிராமுக்குக் கணக்குப் போட்டிருப்பார்கள். நாம் போடுவதோ அதைவிட அதிகம். 100 கிராம் கணக்கையே பாருங்கள்.

* எம்.எஸ்.ஜி. (621) இருந்தால் அதிலும் சோடியம் உண்டு.

* தயாரித்த தேதி, காலாவதி தேதி, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க லைசென்ஸ் எண்.

பேஸ்டில் சமைக்கும்போது...

பாட்டிலில் இருப்பதை முழுக் குழம்பாக நினைக்காமல், குழம்புக்கு ருசி கொடுக்கும் சாரமாக நினையுங்கள். பாக்கெட்டில் சொன்னதில் பாதி எடுத்து, கத்தரிக்காய், முருங்கைக்காய், பூசணிக்காய் என்று காய்களை நிறையப் போடுங்கள். வேகவைத்த பருப்போ தட்டைப்பயறோ சேர்த்தால் புரதமும் கிடைக்கும். உப்பைக் கடைசியில் ருசி பார்த்த பிறகே, தேவைப்பட்டால் மட்டும் போடவும். மேலே மிதக்கும் எண்ணெயைக் கொஞ்சம் வடித்துவிட்டு, அதிலேயே தாளித்துக்கொள்ளலாம். அன்றைக்கு அப்பளத்துக்கும் ஊறுகாய்க்கும் லீவு!

திறந்த பாட்டிலை ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஈரக் கரண்டி வேண்டாம். பூஞ்சை தெரிந்தால் மேலாக வழித்துவிட்டு மீதியைப் பயன்படுத்தாமல் முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

நம்ம ஊர் 'இன்ஸ்டன்ட்'

கொங்கு வீடுகளில் இதற்கெல்லாம் முன்னாலேயே ஓர் அவசரச் சமையல் இருக்கிறதே... அரிசிம்பருப்பு சாதம்! அரிசி ஒரு டம்ளர், துவரம்பருப்பு கால் டம்ளர். சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, வரமிளகாய், சீரகம் தாளித்து, மஞ்சள்தூளும் மூன்றரை டம்ளர் தண்ணீரும் விட்டுக் குக்கரில் நாலு விசில். அரை மணிக்குள் தயார். உப்பும் எண்ணெயும் உங்கள் கையில்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுமா? வெங்காயம், தக்காளி, பூண்டு வதக்கி, மிளகாய்த்தூள், மல்லித்தூள் சேர்த்து உப்பில்லாமல் அரைத்து, ஐஸ் டிரேயில் ஊற்றி ஃப்ரீஸரில் வைத்துவிடுங்கள். வேண்டியபோது நாலு கட்டி எடுத்தால் குழம்பு. ஆனால், பூண்டு சேர்த்த விழுதை எண்ணெயில் மூழ்கவிட்டு வெளியில் வைக்காதீர்கள். காற்றுப் படாத இடத்தில் வளரும் கொடிய கிருமி ஒன்று உண்டு. அது கடுமையான விஷத்தை உண்டாக்கும். வாசனையோ நிறமோ மாறாததால் கண்டுபிடிக்கவும் முடியாது.

வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள் பேஸ்ட் பாட்டிலைத் திறப்பதில் குற்ற உணர்ச்சி வேண்டியதில்லை. மற்ற நாட்களில் அரிசிம்பருப்பு சாதமும் ஃப்ரீஸர் கட்டியும் இருக்கவே இருக்கின்றன. அடுத்த முறை கடைக்குப் போகும்போது விலையைப் பார்த்ததும் பாட்டிலைத் திருப்பி, சோடியம் எவ்வளவு என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்!