தூரத்துக் குரலும் அண்டை இரைச்சலும்

தூரத்துத் தண்ணீர் ஆபத்துக்கு உதவாது என்பது நம் முன்னோர் வாக்கு. வானொலியைப் பொறுத்தவரை அம்முதுமொழி முற்றும் பொருந்துவதன்று. அருகிலுள்ள நிலையம் ஓய்ந்துபோன வேளைகளிலும், அது சொல்லாமல் விட்டதை அறிய வேண்டிய வேளைகளிலும், தூரத்து நிலையமே மனிதருக்குக் கைகொடுத்திருக்கிறது. அத்தகைய குரல்களை இரவிரவாகத் தேடிக் கேட்கும் கூட்டத்தார் உலகெங்கும் உளர். மத்திய அலையில் புகுந்த டிஜிட்டல் ஒலிபரப்பு அவர்களுடைய செவிகளுக்கு என்ன செய்தது என்பதையே இங்கு எடுத்துரைக்க விழைகின்றேன். அதன் விளைவு மிகத் தெளிவாகத் தெரிந்த நாடு அமெரிக்கா. ஆதலால் அங்கிருந்தே தொடங்குவோம்.

இரவின் கொடை

மத்திய அலைக்குப் பகலில் ஒரு வாழ்வு. இரவில் வேறொரு வாழ்வு. பகல் வேளையில், நிலத்திலிருந்து ஏறக்குறைய 60 முதல் 90 கிலோமீற்றர் உயரத்தில், ஞாயிற்றின் கதிர்களால் உண்டாகும் மின்னேற்றப் படலமொன்று மேலெழும் அலைகளை விழுங்கிவிடுகின்றது. பொழுது சாய்ந்ததும் அது கலைந்துபோகும். அதற்கும் மேலுள்ள படலங்கள் அலைகளைக் கண்ணாடிபோல் பூமிக்குத் திருப்பி அனுப்பும். இவ்வாறான படலம் இருத்தல் வேண்டுமென 1902இல் கெனலியும் ஹெவிசைட்டும் தனித்தனியே கருதினர். 1924இல் அப்பிள்ரன் அதனைச் சோதனையால் நிறுவத் தொடங்கினார். 1947இல் நோபல் பரிசும் பெற்றார்.

அறிஞர் நிறுவுமுன்பே இதன் பயனைப் பாமரர் அனுபவித்தனர். 1920 நவம்பர் 2ஆந் திகதி பிற்ஸ்பர்க் நகரத்துக் கே.டி.கே.ஏ. நிலையம் ஜனாதிபதித் தேர்தல் முடிவுகளை ஒலிபரப்பிற்று. அதன்பின் சில ஆண்டுகளிலேயே, எத்தனை தொலைவிலுள்ள நிலையத்தைக் கேட்க முடியும் என்பது அந்நாட்டில் ஒரு போட்டியாகிவிட்டது. 1933இல் தேசிய வானொலிக் கழகம் என்னும் அமைப்பே இதற்காகத் தோன்றிற்று. கேட்ட நிகழ்ச்சியின் விவரத்தை நிலையத்துக்கு எழுதி, அத்தாட்சி அட்டை பெறுவது இவர்தம் மரபு. அத்தகைய அட்டைகள் சில என்னிடமும் உண்டு. விலை மதிப்பற்ற கடதாசித் துண்டுகளே அவை. ஆயினும், முகமறியாத ஒருவரின் குரல் கடல் கடந்து என் செவியை அடைந்ததற்கு அவையே சாட்சி.

வேலியும் ஒழுங்கையும்

இனி, டிஜிட்டல் முறை புகுந்த விதத்தைப் பார்ப்போம். அமெரிக்காவில் மத்திய அலை நிலையங்களுக்கு 10 கிலோஹேர்ட்ஸ் இடைவெளியில் தடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. டிஜிட்டல் ஒலிபரப்புக்கெனப் புதுத் தடம் வகுத்திருக்கலாம். அந்நாட்டார் அவ்வாறு செய்யவில்லை. பழைய ஒலிபரப்பு நடுவில் நிற்க, அதன் இருபுறமும் டிஜிட்டல் அலைகளைச் சேர்த்தனுப்பும் கலப்பு முறையைத் தேர்ந்தனர். அவ்வலைகள் நிலையத்தின் தடத்திலிருந்து இருபுறமும் 15 கிலோஹேர்ட்ஸ் வரை பரவின. அவற்றுள் வலிமை மிக்கவை 10க்கும் 15க்கும் இடைப்பட்ட பகுதியில் அமைந்தன. அதாவது, பக்கத்து நிலையத்தின் வளவுக்குள் விழுந்தன.

யாழ்ப்பாணத்து வேலிச் சண்டையை அறிந்தோர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஒருவர் தம் வேலிக் கதியாலை ஒரு சாண் அரக்கி நட்டால் அயலவர் நீதிமன்றம் ஏறுவார். இரண்டு வேலிகளுக்கும் இடையிலுள்ள ஒழுங்கையால் நடந்துபோகும் வழிப்போக்கன் எங்கே ஏறுவான்? அவனிடம் உறுதியுமில்லை, தோம்புமில்லை. தூரத்துக் குரலைத் தேடுவோர் அத்தகைய வழிப்போக்கர்.

அமெரிக்காவின் சமஷ்டித் தொடர்பாடல் ஆணைக்குழு 2002 ஒக்ரோபரில் இம்முறைக்கு இசைவளித்தபோது, மத்திய அலையில் பகல் நேரத்துக்கு மட்டுமே அனுமதித்தது. இரவில் அலைகள் நெடுந்தூரம் செல்லும் என்ற அச்சமே காரணம். 2007இல் அத்தடை நீக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டெம்பர் முதல் இரவிலும் டிஜிட்டல் அலைகள் புறப்பட்டன. 1030 கிலோஹேர்ட்ஸில் 50,000 வாற்று வலுவுடன் இயங்கும் பொஸ்ரன் நிலையத்தின் இரைச்சல் தன் நேயர்களைத் தடுக்கிறதென, நியூயோர்க் மாநிலத்து ஏவன் என்னும் சிற்றூரின் 1040ஆம் தடத்து நிலையம் ஆணைக்குழுவிடம் முறையிட்டது. உரிமம் பெற்ற நிலையம் அவ்வாறு முறையிடலாம். அதே இடைவெளியில் ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து ஒரு மெல்லிய குரலைத் தேடியவர் யாரிடம் முறையிடுவார்?

கடல் கடந்த குரல்களுக்கு நேர்ந்தது இன்னும் நுட்பமானது. ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் தடங்களின் இடைவெளி 9 கிலோஹேர்ட்ஸ். இந்த ஒரு கிலோஹேர்ட்ஸ் வேற்றுமையே தூரத்து நேயருக்கு வாய்த்த பேறாயிற்று. அயற்கண்டத்து நிலையங்கள் பல அமெரிக்கத் தடங்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தில் வந்து விழுந்தன. ஜப்பானின் அகிற்றா நகரத்து நிலையம் 774 கிலோஹேர்ட்ஸில் ஒலித்தது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருந்தோர் 770க்கும் 780க்கும் இடையே அதனைக் கேட்டுவந்தனர். 760இல் உள்ளூர் நிலையமொன்று டிஜிட்டல் அலை அனுப்பின், அதன் இரைச்சல் 770 முதல் 775 வரை பரவும். ஜப்பானியக் குரல் அதனுள் மூழ்கும். காதுக்கு எட்டுவது மழை பெய்வதுபோன்ற ஓயாத சீறல் மட்டுமே.

பாதிக் குரலின் பயன்

மற்றொரு வேற்றுமையும் உண்டு. பழைய முறையில் குரல் மெல்ல மெல்லத் தேயும், இரைச்சலுக்குள் அமிழும், மீண்டும் எழும். பத்துச் சொல்லில் நான்கைப் பிடித்தாலும் மிகுதியை மனம் நிரப்பிக்கொள்ளும். முழு டிஜிட்டல் முறையிலோ ஒலி துலக்கமாக வரும். அலை குறித்த அளவுக்குக் கீழே தளர்ந்தால் அடியோடு அறுந்துபோகும். பாதிக் குரல் என்பது அங்கே இல்லை. மேரிலாந்து மாநிலத்துப் பிரெடெரிக் நகரில் 820ஆம் தடத்து நிலையமொன்று 2018இல் பழைய ஒலியை முற்றாக நிறுத்தி முழு டிஜிட்டலுக்கு மாறிற்று. 2020 ஒக்ரோபரில் மத்திய அலை நிலையங்கள் அனைத்தும் விரும்பினால் அவ்வாறு மாறலாமென ஆணைக்குழு முடிவு செய்தது.

நிலைய உரிமையாளரை நான் முழுதும் பழிக்கமாட்டேன். பண்பலையின் தெளிவுக்கு முன் மத்திய அலை நேயர்களை இழந்தது. மின்விளக்கும் கணினியும் எழுப்பும் இரைச்சல் வீட்டுக்குள்ளேயே அதனை நெரித்தது. மூழ்குபவர் கைக்கு எட்டிய கொம்பைப் பற்றுதல் இயல்பே. ஆனால் அந்தக் கொம்பும் அவர்களைத் தாங்கவில்லை. கலப்பு முறையைத் தொடங்கிய நிலையங்கள் பல பின்னர் அதனைக் கைவிட்டன.

அமெரிக்கரின் பொழுதுபோக்குக்கு நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என வாசகர் வினவலாம். 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை, மின்கலங்களும் கிடைத்தற்கரியனவாயின. சைக்கிள் சில்லைச் சுழற்றி, டைனமோவின் மின்னால் வானொலியை உயிர்ப்பித்துச் செய்தி கேட்ட மக்கள் நாம். சில்லுச் சுழற்சி தளரும்போது குரலும் தளர்ந்தது. ஆயினும், எங்கே என்ன நடந்தது என்பது விளங்கிற்று. பாக்கு நீரிணையைத் தாண்டிவந்த திருச்சி வானொலி அன்று பொழுதுபோக்காகவா இருந்தது? உயிரும் ஊரும் பற்றிய கவலைக்கு அது மறுமொழியாக இருந்தது. அன்று நமக்கு வாய்த்தவை எளிய கருவியும் பாதிக் குரலுமே. விலை கூடிய, மின்னும் கூடுதலாக வேண்டிய, அலை தளர்ந்தால் வாய்மூடிவிடும் கருவி அந்நாட்களில் என்ன செய்திருக்கும் என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கலாம். அண்டை நாடான இந்தியாவும் 2010களில் 35 மத்திய அலை நிலையங்களில் டி.ஆர்.எம். என்னும் டிஜிட்டல் முறையை நிறுவிற்று. ஆகவே இது கடலுக்கு அப்பாலுள்ளோர் கவலை மட்டுமன்று.

ஐரோப்பாவில் வேறொரு விதி. 2015ஆம் ஆண்டின் முடிவில் ஜெர்மனியின் தேசிய ஒலிபரப்பு மத்திய அலையை விட்டு நீங்கிற்று. வேறு நாடுகளும் ஒவ்வொன்றாக நீங்கிவருகின்றன. நிலையங்கள் ஓய்ந்த தடங்களில், முன்பு மறைந்திருந்த தூரத்துக் குரல்கள் சில தெளிவாகக் கேட்கின்றன. இடைவெளி கிடைக்கிறது, ஆனால் அதில் வந்து பேசுவோர் தொகை ஆண்டுதோறும் அருகுகின்றது.

புதுமையை நான் வெறுப்பவனல்லன். புதுப் பாதை வேண்டுமாயின் புது நிலத்தில் வெட்டுக. அயலாரின் ஒழுங்கையை அடைத்து வெட்ட வேண்டா. சட்டம் தன் எல்லைக்குட்பட்ட நேயரை மட்டுமே எண்ணுகிறது; வானலையோ எல்லையை அறியாது. நாடு ஒவ்வொன்றும், எளிய கருவிக்கும் எட்டும் பழைய முறை நிலையம் ஒன்றையாவது இரவில் விழித்திருக்கச் செய்யுமாயின், அது பழமைக்குச் செய்யும் தருமம் ஆகாது. ஆபத்து வேளைக்கு எடுத்துவைக்கும் விதைநெல்லாகும்.