நாரி நோவும் நல்லசைவும்

இடுப்பின் பிற்புறத்தை நம் கல்முனைக் கரையார் நாரி என்பர். வில்லின் நாணுக்கும் நாரி என்று தமிழில் ஒரு பெயர் உண்டு. இரு பொருளும் ஒரு சொல்லில் வந்து கூடியது தற்செயலாகவே இருக்கலாம். ஆயினும், நாரி நோவின் இயல்பை விளக்க இதனினும் பொருத்தமான உவமை கிடைப்பது அரிது. நாண் இறக்காமலே வைத்த வில் நாளடைவில் விசை இழக்கும். ஓயாது முன்வளைந்தே கிடக்கும் முதுகின் நிலையும் ஏறக்குறைய அதுவே.

என் பெரிய வாப்பா மருதமுனையிற் குழித்தறி நெய்தவர். விடியல் முதல் அந்திவரை பாவின்மேற் குனிந்திருப்பார். ஒருநாள் நாரி பிடித்துக்கொண்டது. நோவு பிட்டத்தின் வழியே முழங்கால்வரை இறங்கிற்று. பார்க்க வந்தோர் அனைவரும், "அசையாமற் படுங்கள்" என்றனர். மாதக்கணக்கிற் படுத்தார். எழுந்தபோது கால்கள் மெலிந்திருந்தன, தறியும் விலைப்பட்டிருந்தது.

அதற்கு முன்னரே, 1956இல், நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் ஒரு விந்தை நிகழ்ந்திருந்தது. ரொபின் மக்கென்சி என்னும் இயன்மருத்துவரிடம் மூன்று வாரம் சிகிச்சை பெற்றும் குணமடையாத ஒருவர் வந்தார். அவரைக் குப்புறப் படுக்கும்படி பணித்துவிட்டு மக்கென்சி வேறு வேலையிற் சென்றார். கட்டிலின் ஒரு பக்கம் முன்னைய நோயாளிக்காக உயர்த்தப்பட்டிருந்ததை எவரும் கவனித்திலர். முதுகு பின்னோக்கி வளைய, அவர் சில நிமிடம் அப்படியே கிடந்தார். திரும்பி வந்து திடுக்கிட்ட மக்கென்சியிடம், கால் நோவு நீங்கிவிட்டதென்று அவர் மகிழ்ந்து கூறினார். காலிற் பரந்த நோவு நாரியின் நடுவை நோக்கி ஒதுங்குவது நன்மையின் அறிகுறி என்பதை மக்கென்சி பின்னர் ஆராய்ந்து தெளிந்து, 1981இல் நூலாகவும் வெளியிட்டார்.

இதன் காரணம் யாது? முள்ளெலும்புகளுக்கு இடையே 23 வட்டுகள் உள. ஒவ்வொன்றும் புறத்தே வலிய நார்வளையமும் அகத்தே களி போன்ற கருவும் உடையது. குனியுந்தோறும் வட்டின் முன்பக்கம் நெரிபட, கரு பின்னோக்கி ஒதுங்கும். வளையம் நலிந்தவிடத்து வட்டுப் பிதுங்கி நரம்பை உறுத்தலாம். 1960களில் சுவீடன் நாட்டு நக்கெம்சன் வட்டினுள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்பதினும் குனிந்து அமர்ந்திருக்கையில் அது மிகுந்திருக்கக் கண்டார்.

சில ஆண்டுகளுக்கு முன், விடைத்தாள் திருத்தும் பருவத்தில், அதே நோவு என்னையும் பிடித்தது. எனக்கும் முதலிற் படுக்கையே விதிக்கப்பட்டது, நோவு கூடிற்று. பின்னர்க் கண்ட இயன்மருத்துவப் பெண்மணி, "குனிந்தாற் கூடுகிறதா, நிமிர்ந்தாற் கூடுகிறதா, மாஸ்டர்?" என்றே முதலில் வினவினார். ஐயமான சொல்லுக்குப் பண்டிதன் இடம்நோக்கிப் பொருள் துணிவதுபோல, அவர் அசைவை நோக்கி நோயைத் துணிந்தார். குப்புறப் படுத்தல், முழங்கையூன்றி மார்பை உயர்த்தல், இடுப்பு நிலத்திற் படிந்திருக்கக் கையூன்றி எழும்புதல் என்று படிப்படியாகப் பத்துமுறை செய்வித்தார். இரு வாரத்தில் மீண்டும் வகுப்பில் நின்றேன்.

எல்லா நாரி நோவுக்கும் இஃது ஒன்றே மருந்தென்பது பிழை. சிலருக்குக் குனிதலே சுகந்தரும். செய்யுந்தோறும் நோவு காலின் கீழ் இறங்குமாயின் உடனே நிறுத்துதல் வேண்டும். சிறுநீர் தடைப்படுதல், கால் சோர்தல், மறைவிடம் மரத்தல், காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், விழுந்து அடிபட்டபின் நோவு வந்தாலும், தாமதமின்றி வைத்தியசாலையை நாடுக. ஏனைய சாதாரண நோவுக்கு நெடும்படுக்கை தீங்கே என்பதில் இன்று மருத்துவ உலகில் ஐயமில்லை.

தாக்கத்தி ஏந்திக் குனிந்து வேளாண்மை வெட்டிய வட்டைகளில் இன்று இயந்திரம் வெட்டுகின்றது. நோவோ குறைந்தபாடில்லை, 2020இல் உலகில் ஏறக்குறைய 62 கோடி மக்களை இது வருத்தியது. நாம் மேசைமேலும் கைப்பேசிமேலும் குனிகின்றோம். ஆசிரியர்களே, மாணவர்களே, அரைமணிக்கு ஒருகால் எழுந்து, கைகளை நாரியில் ஊன்றி, ஐந்தாறு முறை பின்வளைந்து நிமிருங்கள். செலவில்லாத இந்தச் சிறுசெயலை அன்று எவரேனும் அறிந்து சொல்லியிருந்தால், எங்கள் வீட்டுத் தறி இன்னும் சிலகாலம் ஒலித்திருக்கும்.