ஆஸ்பத்திரி மேல் சந்தேகம்... வீட்டிலேயே பிரசவம்! திருப்பூரில் நடந்தது என்ன?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் டீ டைமில் பிரசவப் பேச்சு வந்தால், அடுத்து வருவது பெரும்பாலும் இதுதான்: “பிரைவேட்டுக்குப் போனா வயித்தைக் கீறித்தானுங்க விடுவாங்க.” எவ்வளவு பில் வந்தது, கடைசி நேரத்தில் ‘தண்ணி வத்திப்போச்சு’ என்று டாக்டர் எப்படிச் சொன்னார் என ஆளுக்கொரு கதை இருக்கும்.

இதை வெறும் வதந்தி என்று ஒதுக்கிவிட முடியாது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் தனியார் மருத்துவமனைகளில் நடந்த பிரசவங்களில் 63.8 சதவிகிதம் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36 சதவிகிதம். 2015-16 ஆய்வில் தனியாரின் கணக்கு 51.3 ஆக இருந்தது. இடைப்பட்ட நாலைந்து வருடங்களில் தமிழ்நாட்டுப் பெண்களின் உடல்வாகு ஒன்றும் மாறிவிடவில்லை.

சிசேரியனுக்குக் கட்டணம் அதிகம். நேரம் குறித்துச் செய்யலாம், இரவெல்லாம் காத்திருக்க வேண்டியதில்லை. வழக்கு வந்துவிடுமோ என்று பயந்து கத்தியை எடுக்கும் டாக்டர்களும் உண்டு. நல்ல நட்சத்திரம் பார்த்துக்கொண்டு வந்து கேட்கும் குடும்பங்களும் உண்டு. தன் மனைவிக்கு இதில் எது காரணம் என்று தெரிந்துகொள்ளத்தான் பில் கட்டுகிறவருக்கு வழியில்லை.

அந்த இடைவெளியில்தான் ‘ஆஸ்பத்திரியே வேண்டாம்’ என்ற குரல் நுழைகிறது.

2018 ஜூலை 22. திருப்பூரில் 28 வயது தனியார் பள்ளி ஆசிரியை ஒருவர் வீட்டிலேயே பிரசவித்தார். கணவர் பனியன் கம்பெனி ஊழியர். அது இரண்டாவது குழந்தை. மருந்து, மாத்திரை இல்லாமல் இயற்கையாகப் பெற்றெடுக்க வேண்டும் என்ற முடிவில், நண்பர்களின் ஆலோசனையோடும் யூடியூப் வீடியோக்களின் துணையோடும் அந்தப் பிரசவம் நடந்தது. கர்ப்பத்தைச் சுகாதாரத் துறையிடம் பதிவு செய்யவே இல்லை. பெண் குழந்தை பிழைத்தது. ரத்தப்போக்கு நிற்காமல் தாய் இறந்துபோனார். கணவர் கைது செய்யப்பட்டார். அடுத்த சில நாள்களில், வீட்டுப் பிரசவத்துக்குப் பயிற்சி அளிப்பதாக விளம்பரம் செய்த ஹீலர் பாஸ்கரும் கோவையில் கைதானார்.

வீடியோவில் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு ஒரு நிமிடத்தில் பாயும் ரத்தம் அரை லிட்டருக்கும் மேல். குழந்தை வெளியே வந்ததும் கர்ப்பப்பை இறுகிச் சுருங்கி, திறந்திருக்கும் ரத்தக் குழாய்களை அடைக்க வேண்டும். சுருங்காவிட்டாலோ, நஞ்சு உள்ளேயே தங்கிவிட்டாலோ ரத்தம் கொட்டிக்கொண்டே இருக்கும். முதல் பிரசவம் சுகமாக நடந்தது என்பதால் இரண்டாவதும் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. இதைத் தடுக்கத்தான் குழந்தை பிறந்த உடனே ஆக்சிடோசின் ஊசி போடுகிறார்கள். விலை அதிகமில்லாத சாதாரண ஊசிதான். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும். அதைப் போடுவதால் யாருக்கும் பெரிய லாபமும் கிடையாது.

ஆக, சிசேரியன் வேண்டாம் என்று நினைப்பது வேறு, ஆஸ்பத்திரியே வேண்டாம் என்று முடிவெடுப்பது வேறு. முதலாவதற்குக் கேள்வி கேட்கலாம். ‘எதற்காக ஆபரேஷன், இன்னும் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம், காரணத்தை ஃபைலில் எழுதித் தருவீர்களா’ என்று கேட்பதில் தப்பே இல்லை. வேறொரு டாக்டரிடம் காட்டியும் கேட்கலாம். இதையெல்லாம் ஏழாவது, எட்டாவது மாதத்திலேயே பேசிவிட வேண்டும். வலி வந்த பிறகு பேசுவதற்கு யாருக்கும் தெம்பு இருக்காது.

காசு வாங்காத இடமும் திருப்பூரில் இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. சம்பளத்தில் இ.எஸ்.ஐ பிடித்தம் உள்ள பெண்களுக்கு, தகுதியான நாள்கள் வேலை செய்திருந்தால், 26 வாரம் வரை பேறுகாலப் பணமும் உண்டு.

பிறகு ஏன் தனியாருக்கே ஓடுகிறார்கள்? பீஸ் ரேட்டில் வேலை பார்க்கும் பலருக்கு இ.எஸ்.ஐ கிடையாது. அரசு மருத்துவமனையில் ஓ.பி காலையில்தான். சீட்டு வாங்கி, ஸ்கேனுக்கு வரிசையில் நின்று திரும்பினால் அன்றைய வேலை போச்சு; சனிக்கிழமை சம்பளத்தில் அது குறையும். ஒன்றரை ஷிப்ட் முடிந்து எட்டரை மணிக்கு வெளியே வரும் கர்ப்பிணிக்கு, அந்த நேரத்தில் விளக்கு எரிவது தெருமுனை தனியார் கிளினிக்கில் மட்டும்தான்.