தண்டவாளம் போனாலும் தடம் போகக் கூடாது

கைவிடப்பட்ட ரயில் பாதைகள் உலகெங்கும் சைக்கிள் பாதைகளாக மாறுகின்றன. முத்துக்குளித்துறைக் கரையில் நாம் தவறவிட்டது என்ன, இனித் தவறவிடக் கூடாதது என்ன?

திருச்செந்தூரிலிருந்து குலசேகரன்பட்டினம், உடன்குடி வழியாகத் திசையன்விளைக்கு ரயில் ஓடியது என்றால் இன்றைய பிள்ளைகள் பலர் நம்ப மாட்டார்கள். ஓடியது. பாரி கம்பெனியின் நிர்வாகத்தில் இருந்த ஈஸ்ட் இந்தியா டிஸ்டில்லரீஸ் நிறுவனம் குலசை என்று சுருக்கமாக அழைக்கப்படும் குலசேகரன்பட்டினத்தில் ஒரு சர்க்கரை ஆலை நடத்தியது. தேரிக்காட்டுப் பனைகளில் இறக்கிய பதநீரைக் காய்ச்சி எடுக்கும் கருப்பட்டியை ஆலைக்குக் கொண்டுவர, முதல் உலகப் போர் தொடங்கிய சமயத்தில் அது 2 அடி அகலத்தில் ஒரு சிறு ரயில் பாதை போட்டது. குலசேகரன்பட்டினம் லைட் ரயில்வே என்பது அதன் பெயர். நீளம் 40 கிலோமீட்டருக்கு மேல். கருப்பட்டியோடு மக்களையும் ஏற்றிச்சென்ற அந்த வண்டி 1940-ல் நின்றுபோனது.

ரயில் நின்றதில் வியப்பில்லை. ஆலையை நம்பிப் பிறந்த பாதை, ஆலையின் தேவை போனதும் போய்விட்டது. நாம் கவலைப்பட வேண்டியது ரயிலோடு சேர்ந்து தொலைந்த இன்னொன்றைப் பற்றி. கோயில் ஊரையும் கடற்கரை ஊரையும் கருப்பட்டிச் சந்தையையும் அறுபடாமல் இணைத்த ஒரு நீள நிலத்துண்டு அது. இன்றைக்கு அப்படி ஒன்றைப் புதிதாக உருவாக்க வேண்டுமானால் நூற்றுக்கணக்கான பட்டாக்களைக் கையகப்படுத்த வேண்டும். வழக்குகளைத் தாண்ட வேண்டும். பல கோடி ரூபாயைக் கொட்ட வேண்டும். அன்று அது நம் கையிலேயே இருந்தது.

ரயில் தடம் சைக்கிளுக்கு ஏன் பொருந்துகிறது?

கனத்த வண்டிகளை இழுக்கும் எஞ்சினுக்குச் செங்குத்தான ஏற்றம் ஆகாது. அதனால் ரயில் பாதை போடுகிறவர்கள் பள்ளத்தை நிரப்புவார்கள், மேட்டை வெட்டுவார்கள். சமவெளியில் 100 மீட்டர் போனால் ஒரு மீட்டருக்கு மேல் ஏறாதபடி பார்த்துக்கொள்வது வழக்கம். இந்த ஏற்றம் சைக்கிள் மிதிக்கிறவருக்குத் தெரியவே தெரியாது. வளைவுகளும் நிதானமானவை. ஓடைகளின் மேல் பாலமும் மதகும் ஏற்கெனவே இருக்கும். தண்டவாளத்தையும் கட்டைகளையும் எடுத்துவிட்டு, ஜல்லியை நிரவி, மேலே கெட்டியாக மண்ணோ தாரோ போட்டால் பாதை தயார். எதிரெதிரே இரண்டு சைக்கிள் தாராளமாகப் போக 3 மீட்டர் அகலம் போதும். குறுகிய ரயில் பாதையின் மண்மேடுகூட ஏறக்குறைய அந்த அகலம் இருக்கும்.

இதைவிடப் பெரிய வசதி ஒன்று உண்டு. ரயில் நிலையங்கள் மக்கள் இருக்கும் இடம் தேடிக் கட்டப்பட்டவை. ஆகவே பழைய ரயில் தடம் ஊர்களுக்குள்ளேயே போகும். பள்ளிக்கூடம், சந்தை, கோயில், ஆஸ்பத்திரி எல்லாம் அதற்குப் பக்கத்திலேயே அமையும். லாரி போகும் நெடுஞ்சாலையைத் தொடாமல் ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போகலாம்.

பத்திரிகைக்கு வந்த ஒரு கடிதம்

அமெரிக்காவில் சிகாகோ நகரையும் அதன் மேற்குப் புறநகர்களையும் இணைத்த மின்சார ரயிலில் 1957-ல் பயணிகள் சேவை நின்றது. சில ஆண்டுகளில் பாதை முழுவதும் கைவிடப்பட்டது. மே தீல்கார்ட் வாட்ஸ் என்ற இயற்கை ஆய்வாளர், அந்தத் தடம் துண்டு துண்டாகப் போவதற்குள் நடைக்கும் சைக்கிளுக்கும் அதைக் காப்பாற்ற வேண்டும் என்று 1963 செப்டம்பரில் சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். இன்று இல்லினாய் ப்ரெய்ரி பாத் என்ற பெயரில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரத்துக்கு, புறநகர் வீடுகளின் கொல்லைப்புறத்தை ஒட்டி அந்தப் பாதை போகிறது. அமெரிக்காவில் இப்படி மாற்றப்பட்ட பாதைகளின் மொத்த நீளம் 40,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. இங்கிலாந்தில் பிரிஸ்டல், பாத் நகரங்களுக்கு நடுவிலான 21 கிலோமீட்டர் பழைய ரயில் தடத்தில் தொண்டர்கள் 1979-ல் கைவைத்தார்கள். 1986-ல் முழுப் பாதையும் முடிந்தது.

நமக்கு நெருக்கமான உதாரணம் சிங்கப்பூரில் இருக்கிறது. தஞ்சோங் பாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை தீவின் நடுவே ஓடிய மலாயா ரயில் 2011 ஜூன் 30-ஆம் தேதி இரவோடு நின்றது. அதற்கு முந்தைய ஆண்டே அங்குள்ள இயற்கைச் சங்கம், இந்த நிலத்தைக் கூறுபோடாமல் பசுமைத் தடமாக வைத்திருங்கள் என்று அரசிடம் திட்டம் கொடுத்திருந்தது. அரசு செவிசாய்த்தது. இன்று 24 கிலோமீட்டர் நீள ரயில் காரிடார், அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும் காட்டுக்கும் நடுவே போகிறது. புக்கிட் தீமாவில் பழைய இரும்புப் பாலங்களை அப்படியே விட்டுவைத்து, ரயில் நிலையத்தைப் புதுப்பித்து 2022-ல் திறந்தார்கள். அந்த ரயிலை ஓட்டவும் தண்டவாளத்தைப் பராமரிக்கவும் உழைத்தவர்களில் தமிழர்கள் நிறையப் பேர். குவீன்ஸ்டவுன் பகுதியில் ரயில்வே குடியிருப்பில் இருந்தவர்கள் 1932-ல் தொடங்கிய முனீஸ்வரன் கோயில் இன்றும் அங்கே வழிபாட்டில் இருக்கிறது.

இந்த இடங்களில் எல்லாம் ஒரு காரியம் பொதுவாக நடந்திருக்கிறது. ரயில் நின்ற சில ஆண்டுகளுக்குள், சிங்கப்பூரில் நிற்பதற்கு முன்பே, யாரோ ஒருவர் நிலத்தைப் பற்றிக் கேள்வி கேட்டிருக்கிறார்.

நிலத்தைச் சேமித்து வைக்கும் சட்டம்

ரயில் நின்றதும் அந்த நிலம் யாருக்கு? அமெரிக்காவிலும் இது பெரிய தகராறாகத்தான் இருந்தது. அங்கே 1983-ல் சட்டத்தைத் திருத்தி ஒரு வழி கண்டார்கள். பின்னாளில் ரயில் தேவைப்படலாம் என்பதால் தடத்தை அறுபடாமல் சேமித்து வைப்பது. அதுவரை அதை நடைக்கும் சைக்கிளுக்கும் விடுவது. ரயில் திரும்பி வந்தால் பாதை இடம் கொடுத்துவிட வேண்டும். இதை எதிர்த்துப் போன வழக்கில் 1990-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் சட்டம் செல்லும் என்றது.

இந்தியாவில் ரயில்வேயின் உபரி நிலத்தைக் கவனிக்க 2006-ல் ரயில் நில மேம்பாட்டு ஆணையம் அமைக்கப்பட்டது. காலி நிலத்தை வணிகத்துக்குக் குத்தகை விட்டு வருமானம் பார்ப்பது அதன் முக்கிய வேலை. ஒரு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள சதுர நிலத்துக்கு இது சரி. ஆனால் நீளத் தடத்தின் மதிப்பு அது நீளமாக இருப்பதில்தான் இருக்கிறது. நடுவில் அரை ஏக்கரை விற்றால் இரண்டு பக்கமும் வீணாகும். சேலையை நடுவில் கிழித்துவிட்டு இரண்டு துண்டையும் பத்திரமாக மடித்து வைத்து என்ன பயன்?

இந்தக் கரைக்கு ஏன் அவசரம்?

இதே கரையில் வடக்கே தனுஷ்கோடி இருக்கிறது. 1964 டிசம்பர் புயல் பாம்பன்–தனுஷ்கோடி ரயில் பாதையை அடித்துக்கொண்டு போனது. அரிச்சல்முனை வரை புதிய சாலை 2017-ல் திறக்கப்பட்டது. இரண்டு பக்கமும் கடல் தெரியும் அந்தச் சாலையில் சைக்கிளில் போகிறவர்களை இன்று பார்க்கலாம். 2019-ல் ராமேஸ்வரம்–தனுஷ்கோடி ரயில் பாதையை மீண்டும் போட அடிக்கல் நாட்டினார்கள். இன்னும் ரயில் வரவில்லை. வரும்வரை தடத்தைக் காப்பாற்றிப் பயன்படுத்துவது என்ற யோசனைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இல்லை.

தூத்துக்குடி மாவட்டத்தில் சைக்கிள் பொழுதுபோக்குச் சாமான் அல்ல. விடியுமுன் உப்பளத்துக்குப் போகிற தொழிலாளியின் வண்டி அது. 2005–06 முதல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பிளஸ் 1 படிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் தமிழக அரசு சைக்கிள் கொடுத்துவருகிறது. வண்டியைக் கொடுத்தோம், அது ஓட வழி கொடுக்கவில்லை. திருச்செந்தூருக்குத் தெற்கே கடற்கரைச் சாலையில் சைக்கிள் மிதித்துப் பாருங்கள். தாரின் ஓரம் முடிகிற இடத்தில் காற்று கொண்டுவந்த மணல் படிந்திருக்கும். பின்னால் டிப்பர் லாரி ஹாரன் அடித்ததும் சைக்கிளை ஓரம் இறக்கினால் முன்சக்கரம் மணலில் புதைந்து கைப்பிடி ஒரு பக்கமாக இழுக்கும். இறங்கித் தள்ளிக்கொண்டு மறுபடி தாரில் ஏறுவதற்குள் அடுத்த லாரி வந்துவிடும். புத்தகப் பையோடு போகிற பிள்ளைக்கு இதுதான் தினசரிப் பயணம்.

இனி இந்தச் சாலையில் வண்டிகள் கூடத்தான் செய்யும். கல்லாமொழியில் உடன்குடி அனல்மின் நிலையம் எழுந்திருக்கிறது. குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. தசராவுக்குக் குலசை முத்தாரம்மன் கோயிலுக்கு வருகிற கூட்டம், திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிற கூட்டம், எல்லாமே இதே தாரின் ஓரத்தில்தான் நடக்கிறது.

என்ன செய்யலாம்?

முதல் வேலை காகித வேலை. பழைய லைட் ரயில்வே தடம் எந்தெந்தக் கிராமத்தில் எந்தெந்த சர்வே எண்ணில் போனது என்பதை வருவாய்த் துறையின் அ-பதிவேட்டையும் புல வரைபடங்களையும் வைத்துக் குறிக்க வேண்டும். எங்கெல்லாம் புறம்போக்காக மிச்சம் இருக்கிறதோ அதை இனி யாருக்கும் மாற்றிக் கொடுக்காமல் நிறுத்த வேண்டும். ஏழைகள் வீடு கட்டிக் குடியிருந்தால் அவர்களை எழுப்பக் கூடாது. பாதை அந்த இடத்தில் தெருவழியாகச் சுற்றிப் போகட்டும். முழு நீளமும் கிடைக்காது. ஆனால் குலசைக்கும் உடன்குடிக்கும் நடுவில் மட்டும் ஒரு பாதை கிடைத்தாலும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது பெரிய காரியம்.

அடுத்தது, நம் மண்ணுக்கேற்ற வடிவமைப்பு. இங்கே சைக்கிளுக்கு எதிரி உடைமுள். பாதை ஓரத்தில் உடைமரமும் சீமைக்கருவேலமும் கவிந்திருந்தால் டியூப் தாங்காது. நிழலுக்கு வேம்பும் புங்கையும் வைத்து, முள்ளை வாரம் ஒருமுறை கூட்டித் தள்ள ஆள் வேண்டும். ஊராட்சிகள் அந்த வேலையை உள்ளூர்க்காரர்களுக்கே தரலாம். பைக் நுழையாதபடி வாயில்களில் இரும்புக் கம்பம், பெண்கள் மாலையிலும் அஞ்சாமல் போக விளக்கு, சாலையைக் கடக்கும் இடங்களில் வேகத்தடை ஆகியவை திட்டத்தின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டிக்கும், பருவத்தில் இறக்கும் பதநீருக்கும் பாதையோரத்திலேயே வாடிக்கையாளர்கள் கிடைப்பார்கள்.

மூன்றாவது வேலை மாநிலம் முழுவதற்குமானது. அகலப் பாதையாக மாற்றும்போதோ புதிய வழித்தடம் போடும்போதோ பழைய தடம் கைவிடப்பட்டால், அதைக் கூறுபோடும் முன் உள்ளாட்சிகளிடம் கேட்டாக வேண்டும் என்று ரயில்வேயும் மாநில அரசும் ஒரு விதியைக் கொண்டுவர வேண்டும். ரயிலுக்கு மறுபடி தேவைப்பட்டால் திருப்பிக் கொடுக்கிறோம் என்ற உறுதியோடு கேட்டால் மறுப்பதற்குக் காரணம் இருக்காது. குலசை ரயில் நின்ற 1940-ல் இப்படிக் கேட்க ஆளும் இல்லை, சட்டமும் இல்லை. இன்று கிராம சபைகள் இருக்கின்றன. கடலோர ஊராட்சிகள் அடுத்த கூட்டத்திலேயே ஒரு தீர்மானம் நிறைவேற்றி மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பினால், தேடும் வேலை தொடங்கிவிடும்.