மூளைக் காசநோய்க் கட்டியைக் கண்டறிதல்

மூளைக் காசநோய்க் கட்டி என்பது காசநோய்க் கிருமி இரத்தத்தின் வழியே மூளையை அடைந்து அங்கே உண்டாக்கும் கட்டியாகும். மருத்துவர்கள் இதை டியூபர்குலோமா என்பர். இது புற்றுநோய் அன்று.

மூளை உறையைக் காசநோய் தாக்கினால் முதுகிலிருந்து தண்டுவட நீரை எடுத்துச் சோதிப்பர். அதில் லிம்போசைட் வகை வெள்ளணுக்களும் புரதமும் கூடியும், குளுக்கோஸ் குறைந்தும் இருக்கும். கட்டி மூளைக்குள்ளேயே அடங்கியிருந்தால் அந்த நீரில் ஒன்றும் தெரியாமல் போகலாம். அப்போது சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களையே பெரிதும் நம்ப வேண்டியுள்ளது. சிக்கல் என்னவென்றால், வேறொரு நோயும் படத்தில் இதைப் போலவே தோன்றும்.

இந்தியாவில் சி.டி. பரவத் தொடங்கிய காலத்தில், வலிப்புடன் வந்த பலரின் மூளையில் சிறு வளையம் போன்ற ஒற்றைப் புள்ளி தெரிந்தது. காசநோய் மிகுந்த நாடு என்பதால் அது காசநோய்க் கட்டியாகவே கருதப்பட்டு, மாதக்கணக்கில் மருந்து தரப்பட்டது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் அறுவை மருத்துவர்கள் சாண்டி, ராஜசேகர் குழுவினர் இத்தகைய புள்ளிகளிலிருந்து திசு எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தனர். பலவற்றில் இருந்தது நாடாப்புழுவின் இளம்பருவம்! இது 1989இல் லான்செட் இதழில் வெளிவந்தது.

எல்லோருக்கும் மண்டையைத் திறந்து பார்க்க முடியாது அல்லவா? அதனால் அவர்கள் சில அடையாளங்களை வகுத்தனர். புள்ளி ஒன்றே ஒன்றாக, 20 மில்லிமீட்டருக்கு மிகாமல், மூளையின் நடுக்கோட்டை ஒதுக்கித் தள்ளாமல் இருக்க வேண்டும். நோயாளிக்கு வலிப்பு தவிர, மூளை அழுத்தம் கூடியதன் அறிகுறியோ, நாளுக்கு நாள் கூடும் கை கால் பலவீனமோ, உடலில் வேறிடத்தில் நோயோ இருக்கக் கூடாது. இவை அனைத்தும் பொருந்தினால் அது பெரும்பாலும் புழுவே. பெரிதாகவும் ஒழுங்கற்ற விளிம்புடனும் இருந்து நடுக்கோட்டைத் தள்ளினால் காசநோய் என்ற ஐயம் வலுக்கும். நெஞ்சு எக்ஸ்ரே, சளிச் சோதனை, வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்ற விசாரணை ஆகியவையும் துணைபுரியும்.

"நாங்கள் சைவம், எங்களுக்கு எப்படிப் புழு வரும்?" என்று கேட்பவர்கள் உண்டு. பன்றி இறைச்சியைச் சரியாக வேகவைக்காமல் உண்டால் குடலில் நாடாப்புழு வளரும். மூளையில் நோய் வரக் காரணமோ, அப்புழு உள்ளவரின் மலத்தில் வெளியேறும் முட்டை. கழுவாத கீரை, அசுத்தமான நீர், சமைப்பவரின் கை வழியாக அது யார் வயிற்றுக்கும் போகும்.

இந்த வேறுபாட்டால் நோயாளிக்கு ஆகும் பயன் பெரிது. புழுப் புள்ளி பல நேரங்களில் சில மாதங்களில் தானே மறைந்துவிடும். வலிப்பு மாத்திரையும் மறுபடி எடுக்கும் படமும் போதுமானதாக இருக்கலாம். காசநோய்க் கட்டிக்கோ ஏறத்தாழ ஓராண்டோ அதற்கு மேலோ பல மருந்துகளைச் சேர்த்து உண்ண வேண்டும்; அவற்றுள் சில கல்லீரலையும் கண் பார்வையையும் பாதிக்கக் கூடியவை. படம் எடுத்தும் ஐயம் தீராதபோது, இன்றும் திசுச் சோதனையே முடிவு சொல்கிறது.