வீட்டுக்காரரே கதவு திறக்கும் திருடன்

வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டால், "முட்டை கெட்டுப் போயிருக்கும்" என்று பழி போடுகிறோம். பாவம், முட்டை கெட்டிருக்கவே வேண்டியதில்லை! ஸால்மொனெல்லா கிருமி புகுந்த பண்டத்தில் வாடையோ ருசியோ மாறாமலே இருக்கலாம். ஓட்டைக் கழுவினால் போதும் என்பதும் இல்லை. கோழியின் வயிற்றில் ஓடு மூடுமுன்பே உள்ளே குடியேறிவிடும் வகை உண்டு. மஞ்சள் கரு கெட்டியாகும் வரை வேகவிட்டால்தான் சாகும்.

கிருமிக்கு அமெரிக்கக் கால்நடை மருத்துவர் டேனியல் ஸால்மனின் பெயர். 1885-ல் அதைக் கண்டுபிடித்தவரோ அவரிடம் வேலை பார்த்த தியோபால்டு ஸ்மித். பெயர் மேலதிகாரிக்குப் போயிற்று. ஆபீசுகளில் நடப்பதுதானே!

இதன் சாமர்த்தியமெல்லாம் ஜீன்களில் இருக்கிறது. வெகு காலத்துக்கு முன் வேறு கிருமிகளிடமிருந்து கூட்டம் கூட்டமாகப் பெற்ற ஜீன்கள் இவை. விஞ்ஞானிகள் 'நோய்த் தீவுகள்' என்கிறார்கள். முதல் தீவின் உத்தரவுப்படி, கிருமி தன் உடலில் நுண்ணிய ஊசிகளை அமைத்துக்கொள்கிறது. 1998-ல் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் அவற்றைப் படமே பிடித்து வெளியிட்டார்கள். குடல் சுவரின் ஸெல்லில் ஊசியைக் குத்திச் சில புரதங்களைச் செலுத்தியதும், ஸெல்லின் மேற்பரப்பு புடவைக் கொசுவம் போல மடிந்தெழும்பி, கிருமியைத் தானே வாரி உள்ளே இழுத்துக்கொள்கிறது! பூட்டை உடைக்கவே இல்லை. வீட்டுக்காரரே "வாருங்கள்" என்று அழைத்துப் போகிறார்.

உள்ளே காவல் இல்லையா? உண்டு. கிருமிகளை விழுங்கும் வெள்ளை அணுக்கள் இதையும் விழுங்குகின்றன. விழுங்கிய பையில் அமிலம் ஏறுகிறது. பல கிருமிகள் அதில் மடிந்துவிடும். இதற்கோ அந்தப் புளிப்பே சமிக்ஞை! இரண்டாவது தீவின் ஜீன்கள் விழித்துக்கொள்ள, வேறொரு ஊசி தயாராகிறது. பைக்குள்ளிருந்தபடியே வெளியே புரதங்களைச் செலுத்தி, காவலாளியின் வயிற்றிலேயே குடித்தனம் நடத்திப் பெருகுகிறது.

டைபாய்டு ஜுரம் தரும் வகை இன்னும் பொல்லாதது. வேறொரு தீவின் தயவால், 'வி' என்ற சர்க்கரைப் போர்வையைப் போர்த்திக்கொள்கிறது. உடம்பின் எச்சரிக்கை மணி அடிப்பதில்லை. ஜுரம் தலைகாட்டவே ஒன்றிரண்டு வாரமாகலாம். சிலருக்குப் பித்தப்பையில் வருஷக்கணக்கில் தங்கி, அவர்களுக்கு ஒரு தொல்லையும் தராமல் பிறருக்குப் பரவும். நியூயார்க்கில் சமையல் வேலை பார்த்த மேரி மாலன் அப்படிப்பட்டவர். 1907-ல் அவரைப் பிடித்துத் தீவொன்றில் தனியே வைத்தார்கள்.

அந்தப் போர்வையே இன்று கிருமிக்கு வினையாகியிருக்கிறது. அதைப் பிரித்தெடுத்து, ஒரு புரதத்தோடு சேர்த்து ஐதராபாத்தில் செய்த தடுப்பூசிக்கு 2017-ன் இறுதியில் உலக சுகாதார ஸ்தாபனம் அங்கீகாரம் தந்தது. ஆறு மாதக் குழந்தைக்கே போடலாம்.