குவார்க்கு விண்மீனும் பொதுச் சார்புக் கொள்கையும்

நியூட்ரான்கள் நெரிந்து குவார்க்குகளாகிவிட்ட விண்மீன் உண்டோ? உறுதியாகக் கண்டார் இலர். ஆதலின் கணக்கின் துணையை நாடுகின்றோம். 1939-இல் டோல்மன், ஓப்பன்ஹைமர், வோல்காஃப் ஆகியோர் ஆராய்ச்சியால் அமைந்த சமன்பாடே இதற்கு அடிப்படை. நியூட்டன் கொள்கையில் அழுத்தம் விண்மீனைத் தாங்குவது மட்டுமே. ஈண்டோ அவ்வழுத்தமே ஈர்ப்பையும் மிகுவிக்கும். எனவே பொருண்மைக்கு ஓர் உச்ச வரம்பு உண்டாகின்றது.

குவார்க்குகளைப் பையுள் அடைபட்டனவாகக் கொள்ளும் மாதிரியில், ஆற்றலடர்த்தியினின்று பைமாறிலியின் நான்மடங்கைக் கழித்து, எஞ்சியதில் மூன்றிலொரு பங்கே அழுத்தம். ஆகவே அழுத்தம் அற்ற மேற்பரப்பிலும் அடர்த்தி அறுவதில்லை. சிறிய குவார்க்கு விண்மீனின் பொருண்மை ஆரத்தின் முப்படியாக வளரும். நியூட்ரான் விண்மீனோ பொருண்மை மிகப் பொதுவாகப் பெருப்பதில்லை.

2010-இல் ஒரு துடிவிண்மீனின் பொருண்மை ஞாயிற்றினதைப்போல் ஏறத்தாழ இருமடங்கென அளந்தறியப்பட்டது. அதனைக் குவார்க்கு விண்மீன் என்பார், அவ்வளவு பொருண்மையைத் தாங்கும் மாதிரியையே காட்டல் வேண்டும் என்பது நம் துணிபு.